கொடுக்கும் கணனியோடு எமது உறுதிகளும் போகின்றனவா?

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் தெல்லிப்பழை, மாவிட்டபுரம், காங்கேசன்துறை, மயிலிட்டிப் பகுதிகளை விட்டு வெளியேறிய குடும்பங்களிடம், வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொண்டு இறங்கினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள், கொஞ்ச அரிசி, இருந்தால் நகை, அதோடு காணி உறுதி. உறுதியைப் பொலித்தீன் பையிற் சுற்றி றங்குப் பெட்டியின் அடியில் வைத்தவர்கள், 1995 ஐப்பசி 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவிலும் அதைக் கைவிடவில்லை. மாடு போயிற்று, நீரிறைக்கும் இயந்திரம் போயிற்று, வெங்காய விதை போயிற்று. உறுதி மட்டும் ஊரூராக எம்மோடு வந்தது.

இன்று அதே உறுதி வேறு பல இடங்களிலும் இருக்கிறது. மீள்குடியேற்றப் படிவத்துக்காகப் பிரதி எடுத்த கடையின் கணனியில் இருக்கிறது. வீட்டுத்திட்ட விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த சங்கத்தின் கணனியில் இருக்கிறது. கனடாவில் உள்ள அண்ணனுக்குப் படம் பிடித்து அனுப்பிய கைத்தொலைபேசியில் இருக்கிறது. 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டபோது 2,000க்கு மேற்பட்ட உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். அந்த நாட்களில் மட்டும் எத்தனை உறுதிகள், எத்தனை நில அளவைப் படங்கள், எத்தனை அடையாள அட்டைகள் எத்தனை கணனிகளுக்குள் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடதாசியைக் காப்பது எப்படி என்று எமக்குத் தெரியும். கணனிக்குள் இருக்கும் பிரதியைப் பற்றி நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. கணனி பழசானதும் அதை முன்பள்ளிக்கோ, உறவினர் பிள்ளைக்கோ, பழைய சாமான் வாங்குபவருக்கோ கொடுத்துவிடுகிறோம். அந்தக் கொடுக்கும் நாளைப் பற்றியதே இப்பாடம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயக்க மென்பொருளுக்கு வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2025 ஐப்பசி 14ஆந் திகதியுடன் நிறுத்தியது. அடுத்ததான விண்டோஸ் 11, சற்றுப் பழைய கணனிகள் பலவற்றில் ஏறாது. ஆகவே அலுவலகங்களும், சங்கங்களும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள எமது உறவுகளும் வேலை செய்கின்ற நல்ல கணனிகளையே கைமாற்றுகிறார்கள். இல்லாத பிள்ளைக்கு ஒரு கணனி கிடைப்பது நல்ல காரியம். அதை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை.

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது நிலையத்தில் இருந்த இரண்டு மேசைக் கணனிகளை ஒரு கிராமத்து முன்பள்ளிக்கு அன்பளிப்புச் செய்தோம். கொடுப்பதற்கு முதல்நாள் அலுவலகப் பிள்ளை எல்லாக் கோப்புகளையும் அழித்து, குப்பைத் தொட்டிப் படத்தையும் வெறுமையாக்கினார். நாமும் எட்டிப் பார்த்தோம், திரை சுத்தமாக இருந்தது. இரண்டு கிழமை கழித்து, அங்கு பழுது பார்க்கச் சென்ற, கணனி படிக்கும் தம்பி ஒருவர் எம்மிடம் வந்தார். பிள்ளைகளின் படம் ஒன்று தவறி அழிந்துபோக, அதை மீட்பதற்கு இலவச மென்பொருள் ஒன்றை ஓட்டினாராம். பிள்ளைகளின் படத்தோடு எமது நிலையத்தின் கோப்புகளும் எழும்பி வந்துவிட்டன. மீள்குடியேறிய குடும்பங்களின் பெயர்ப் பட்டியல், உறுதிப் பிரதிகள், கணவனை இழந்த பெண்களின் சுயதொழிற் கடன் விபரம், காணாமற்போன மகனைப் பற்றி ஒரு தாய் எம்மிடம் சொல்லி எழுதுவித்த கடிதம். "ஃபாதர், நான் ஒன்றையும் வாசிக்கவில்லை" என்று அவர் சொன்னார். அவரை நாம் நம்பினோம். ஆனால் அந்தத் தாய் தன் கதையை எம்மிடம் சொன்னபோது, அது ஒருநாள் முன்பள்ளியின் மேசைக்குப் போகும் என்று எண்ணியிருக்கமாட்டார். இரண்டு கணனிகளையும் திரும்ப எடுத்து, முறையாகத் துடைத்து, மீண்டும் கொடுத்தோம்.

அழித்தது எப்படித் திரும்பி வந்தது? இதை விளங்கிக்கொண்டால் மிகுதி எல்லாம் இலகு. காணிப் பதிவகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கு காணி இல்லை. காணி எங்கே, யாருடையது என்று சொல்லும் பதிவேடுதான் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு தாளைக் கிழித்தால் காணி மறைந்துவிடுமா? பனையும் கிணறும் கல்வேலியும் அப்படியே நிற்கும். கணனியின் வன்தட்டிலும் ஒரு பதிவேடு உண்டு. இந்தக் கோப்பு தட்டின் இந்த இடத்தில் இருக்கிறது என்று அது குறித்து வைத்திருக்கும். நாம் 'டிலீற்' செய்து, குப்பைத் தொட்டியை வெறுமையாக்கும்போது கணனி பதிவேட்டில் மட்டும் கோடு போடுகிறது. அந்த இடத்தை இனி வேறு கோப்புக்குக் கொடுக்கலாம் என்று எழுதிக்கொள்கிறது. எழுத்துகள் தட்டில் கிடந்தபடியே கிடக்கின்றன. வேறொரு கோப்பு அதே இடத்தில் வந்து எழுதப்படும்வரை அவை அழிவதில்லை. பெரிய தட்டாக இருந்தால் அதற்கு ஆண்டுகள் செல்லலாம். மீட்கும் மென்பொருள் பதிவேட்டைப் பார்க்காமல் காணிக்குள்ளேயே இறங்கி நடந்து பார்க்கிறது. தோட்டத்தில் கோரையை மேலாலே செருக்கிவிட்டு, புல் ஒழிந்தது என்று சொல்வதைப் போன்றதுதான் எமது டிலீற். கிழங்கு கீழே இருக்கிறது.

'ஃபோமற்' செய்தேன், ஆகவே எல்லாம் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். அதிலும் இரண்டு வகை உண்டு. 'குயிக் ஃபோமற்' என்பது முழுப் பதிவேட்டையும் கிழித்துப் புதுப் பதிவேடு வைப்பது மட்டுமே. முழு ஃபோமற், விண்டோஸ் விஸ்ராவுக்குப் பின் வந்த பதிப்புகளில், தட்டு முழுவதிலும் பூச்சியங்களை எழுதுகிறது. எக்ஸ்பியில் அப்படியில்லை. கடையில் கொடுத்து "ஃபோமற் பண்ணித் தாருங்கள்" என்று கேட்டால் அநேகமாகக் குயிக் ஃபோமற்தான் நடக்கும். அது 1 நிமிட வேலை, மற்றது மணிக்கணக்கு.

இது எமக்கு மட்டும் நடந்ததன்று. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த இரு மாணவர்கள் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். 129 தட்டுகள் வேலை செய்தன. அவற்றுள் 12 மட்டுமே ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தன. ஒரு தட்டு வங்கியின் பணம் எடுக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றியது. வாடிக்கையாளரின் கணக்கு இலக்கங்கள் அப்படியே இருந்தன. படித்தவர்கள், பணக்காரர்கள் கவனமாக இருப்பார்கள் என்றும் எண்ணவேண்டாம். மோர்கன் ஸ்ரான்லி என்னும் பெரிய நிதி நிறுவனம் தன் பழைய தட்டுகளை அகற்றும் பொறுப்பை, இவ்வேலையில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கம்பனி ஒன்றிடம் ஒப்படைத்தது. அவற்றிற் பல துடைக்கப்படாமலே இணையத்தில் ஏலம் போயின. ஏறக்குறைய 150 இலட்சம் வாடிக்கையாளரின் விபரங்களைப் பாதுகாக்கத் தவறியமைக்காக 2022இல் 350 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த நேர்ந்தது.

எம்மைப் போன்றோருக்கு இன்னும் கிட்டிய செய்தி ஒன்றும் உண்டு. 2022 தை மாதம் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் கணனிகளுக்குள் யாரோ புகுந்து, 515,000க்கு மேற்பட்டோரின் விபரங்களை எட்டிவிட்டார்கள். அவர்கள் போரினாலும் அனர்த்தத்தாலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், தடுப்பில் இருப்பவர்கள். அது கைமாறிய கணனியால் வந்த பிழையன்று, களவு. ஆனாலும் இடம்பெயர்ந்தவரின் பெயர்ப் பட்டியலுக்கும் ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது.

"எங்களிடம் என்ன இருக்கிறது ஃபாதர், களவெடுக்க?" என்று ஒரு கூட்டத்தில் ஐயா ஒருவர் கேட்டார். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. 62 என்றால் 1962. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களானால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 தொடக்கம் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கிறது, முறை அதேதான். ஆகவே இலக்கத்தைக் கண்டவருக்கு உங்கள் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். பக்கத்திலேயே கையொப்பம், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம், உறுதி இலக்கம், பணம் அனுப்பும் மகனின் வெளிநாட்டு விலாசம் எல்லாம் ஒரே கோப்புறையில் கிடந்தால், உங்கள் பெயரில் ஒருவர் பேசுவதற்கு வேறென்ன வேண்டும்? வெளிநாட்டில் இருப்போரின் காணிகளுக்குக் கள்ள உறுதியும் கள்ள அற்றோனித் தத்துவமும் முடித்ததாக யாழ்ப்பாணத்தில் முறைப்பாடுகள் எழுந்ததைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். பற்றை மண்டி எல்லைக்கல் மறைந்து கிடக்கும் காணிக்கு, சொந்தக்காரர் யார் என்று சொல்லும் கடதாசி இன்னும் பெறுமதியானது.

இனிச் செய்யவேண்டியதைப் பார்ப்போம்.

துடைப்பதற்கு முன் பிரதி எடுத்து வையுங்கள். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம், ஏனெனில் முறையாகத் துடைத்தபின் எவராலும் மீட்டுத் தரமுடியாது. உறுதி, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்துப் படங்கள், காணாமற்போனவரின் முறைப்பாட்டுப் பிரதி ஆகியவற்றை இரண்டு பென் டிரைவில் எழுதுங்கள். ஒன்றை வீட்டிலும் மற்றதை நம்பிக்கையான ஓர் உறவினர் வீட்டிலும் வையுங்கள். எழுதியபின் வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியன்று. சங்கத்தின் பழைய கூட்ட அறிக்கை, விழா மலர், ஊர்ப் படங்கள் இருந்தால் அவற்றையும் குப்பையென்று எண்ணவேண்டாம். 2005 தொடக்கம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தினரைப் போன்றோர் அவற்றின் அருமையை அறிவார்கள்.

அடுத்து, அந்தக் கணனியில் திறந்து வைத்திருக்கும் கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள்: மின்னஞ்சல், முகநூல், வட்ஸ்அப், வங்கி. கணனி இருக்கும்போதே செய்தால் இது 5 நிமிட வேலை. கொடுத்தபின் நினைவு வந்தால், உங்கள் தொலைபேசியிலிருந்தே மற்றக் கருவிகளைத் துண்டிக்கலாம். கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது துடைத்தல். விண்டோஸ் 10, 11 கணனிகளில் அதற்கான வழி உள்ளேயே இருக்கிறது. செற்றிங்ஸ் பகுதிக்குள் ரிகவரி என்ற இடத்தில் 'ரீசெற் திஸ் பீசி' என்று காண்பீர்கள். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதை அல்ல, 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தெரியவேண்டும். பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதற்கடுத்து 'சேஞ்ச் செற்றிங்ஸ்' என்று சிறிய எழுத்தில் ஒன்று வரும். அதைத் திறந்து, 'கிளீன் டேற்றா' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். தானாக அது 'நோ' நிலையில்தான் இருக்கும். எல்லாத் தட்டுகளிலும் அழிக்கவா என்று கேட்கும் இடத்திலும் ஆம் என்று கொடுங்கள். எமது பக்கத்தில் கடைக்காரர் தட்டை இரண்டாகப் பிரித்துத் தருவது வழக்கம். முக்கியமான கோப்புகளை நாம் இரண்டாவதான 'டி' பகுதியில்தான் வைத்திருப்போம். அதை மறந்தால் சுவரைக் கழுவிவிட்டு நிலத்தை விட்ட கதையாகும். பல மணித்தியாலம் எடுக்கும். மடிக்கணனியானால் மின்னில் செருகியபடியே விடுங்கள். மின்வெட்டு வரக்கூடிய நாளைத் தவிருங்கள்.

விண்டோஸ் 7 அல்லது அதற்கு முந்திய கணனிக்கு டீபான், ஷ்ரெட்ஓஎஸ் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ ஏற்றி, கணனியை அதிலிருந்து தொடக்கவேண்டும். அது தட்டு முழுவதிலும் புதிதாக எழுதிக்கொண்டு போகும். ஓர் எச்சரிக்கை: பிரதி எடுத்த பென் டிரைவையும் வெளித்தட்டையும் முதலில் கழற்றி வேறு அறையில் வையுங்கள். செருகியிருந்தால் அவற்றையும் தெரிந்து துடைத்துவிட இடமுண்டு. 35 தரம் எழுதினால்தான் போகும் என்று சொல்லி அதற்கேற்பக் கூலி கேட்பவரும் இருக்கிறார்கள். 35 என்ற கணக்கு 1996இல் பீற்றர் குற்மன் என்னும் ஆய்வாளர் அக்காலத்துத் தட்டுகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. இன்றைய காந்த வன்தட்டுக்கு ஒரு தரம் முழுமையாக எழுதினாற் பொதுவாகப் போதும் என்பது அமெரிக்கத் தர நிறுவகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியின் கருத்து.

புதிய மடிக்கணனிகளில் சுழலும் தட்டு இல்லை. சில்லுகளாலான தட்டு இருக்கிறது. அது தேய்மானத்தைப் பங்கிடுவதற்காக எழுத்துகளைத் தானாகவே இடம் மாற்றி வைக்கும். ஆகவே மேலே எழுதித் துடைக்கும் முறை அதற்கு முழு நம்பிக்கையானதன்று. அதைச் செய்த நிறுவனமே தரும் 'செக்கியூர் இரேஸ்' என்ற அழிக்கும் கட்டளையைப் பயன்படுத்தவேண்டும். உங்கள் கணனியில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால், தெரிந்த பிள்ளை ஒருவரைக் கேளுங்கள்.

முடிந்தபின் சோதியுங்கள். ரெகுவா, ஃபோட்டோரெக் போன்ற மீட்கும் மென்பொருளை அதே கணனியில் ஓட்டிப் பாருங்கள். எம்மை வெட்கப்படுத்திய அதே கருவி இப்போது எமக்கு உதவுகிறது. உங்கள் கோப்பு ஒன்றும் எழும்பாவிட்டால் நிம்மதியாகக் கொடுக்கலாம்.

கணனி எரியாமலே போய்விட்டதா? திரை கறுத்தாலும் தட்டு உயிரோடு இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடுமுன் நான்கு ஆணிகளைக் கழற்றித் தட்டை வெளியே எடுங்கள். கணனியைக் கொடுத்துவிட்டுத் தட்டை நீங்களே வைத்திருப்பதிற் பிழையில்லை. ஒழிக்கவே வேண்டுமானால் கண்ணுக்குக் காப்புப் போட்டுக்கொண்டு, உள்ளிருக்கும் வட்டங்கள் நெளியவும் உடையவும் சுத்தியலால் அடியுங்கள். சில்லுத் தட்டானால் ஒவ்வொரு சில்லும் உடையவேண்டும். எரிக்கவேண்டாம், அந்தப் புகை நஞ்சு. காணிக்குள் புதைக்கவும் வேண்டாம். எமது செம்மண்ணுக்குக் கீழே வெடிப்புள்ள சுண்ணக்கல். மேலே போட்டது கிணற்றுக்குப் போகும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளிற் கழிவு எண்ணெய் கலந்த விடயம் 2014, 2015 ஆண்டுகளில் எவ்வளவு பெரிய பிரச்சினையானது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

கணனியை விட அதிகமாகக் கைமாறுவது கைத்தொலைபேசி. சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றுங்கள். கூகிள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, அதன்பின் 'ஃபக்ரறி ரீசெற்' செய்யுங்கள். கணக்கை நீக்காமற் செய்தால், வாங்கியவர் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பாவம், அவருக்கு அது வெறும் செங்கல். அண்மைய ஆண்டுகளில் வந்த தொலைபேசிகள் உள்ளிருப்பதைப் பூட்டியே வைத்திருக்கின்றன. ரீசெற் செய்யும்போது திறப்பு அழிந்துபோவதால் மீட்பது மிகக் கடினம். மிகப் பழையவற்றில் அப்படியில்லை. அவற்றை விற்பதாற் கிடைக்கும் சில நூறு ரூபாவுக்காக ஆசைப்படவேண்டாம்.

கொமினிகேசன் கடைக்கு உறுதியோடு போகும்போதும் யோசனை வேண்டும். உங்கள் சொந்தப் பென் டிரைவில் எழுதித் தரச் சொல்லுங்கள். கணனியிற் கிடக்கும் பிரதியை உங்கள் கண்முன்னே அழிக்கக் கேளுங்கள். அது முழுமையாக அழியாது என்பதை மேலே கண்டோம், என்றாலும் அடுத்து வருபவரின் கண்ணுக்காவது படாது. அலுவலகங்களில் வைக்கும் பெரிய பிரதி இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் வன்தட்டு உண்டு. எடுத்த பிரதிகள் அதில் தங்கலாம். வாடகை இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சங்கங்கள் இதைக் கேட்டறிந்தே கொடுக்கவேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கணனிகளிலும் இதே சங்கதி, மறுபக்கமாக நடக்கிறது. அனுப்பிய உறவினரின் வங்கிக் கடிதமும், வைத்தியசாலை அறிக்கையும், குடும்பப் பிணக்கும் உள்ளே இருந்து, இங்குள்ள பிள்ளை திறந்து பார்த்துவிட்ட சம்பவங்கள் எமக்குத் தெரியும். கண்டால் வாசியாமல் அவருக்கு அறிவியுங்கள். அவர் வேண்டுமென்றால் பிரதி எடுத்து அனுப்பிவிட்டு, துடைத்தபின் பயன்படுத்துங்கள்.

எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்த சட்டம் அது. மக்களின் விபரங்களை வைத்திருப்பவர் தேவையான காலத்துக்கு மட்டுமே வைத்திருக்கலாம், அதுவரை பாதுகாக்கவும் வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்த குடும்பங்கள், கேட்டவர் எல்லோருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தே பழகிவிட்டன. கொடுக்காவிட்டால் நிவாரணம் வராது என்ற பயம் அது. எங்கள் விபரத்தை என்ன செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்டவர் மிகச் சிலர். எம்மிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எமது இரண்டு கணனிகள் அப்படிப் போயிருக்கமாட்டா.

ஆகவே இவ்விதழ் கையில் வந்தபின் நடக்கும் கிராமச் சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி இவற்றைப் பேசிப் பாருங்கள். எமது சங்கத்தின் கணனியில் யார் யாருடைய உறுதியும் கடிதமும் இருக்கின்றன? அவர்களுக்கு அது தெரியுமா? அவற்றை இனியும் வைத்திருக்கத் தேவை உண்டா, அல்லது உரியவர் கையிற் பிரதியாகக் கொடுத்துவிட்டு நீக்கலாமா? கணனியைக் கொடுக்கும் முடிவு எடுத்தால் துடைப்பவர் யார், சோதிப்பவர் யார்? இருவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. எமது நிலையத்தில் இப்போது துடைத்தவரும் சோதித்தவரும் திகதியிட்டு ஒப்பமிடும் கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். கணனி கொடுக்க இருக்கும் சங்கங்கள் சோதிப்பதற்கு ஆள் இல்லையென்றால் எமக்கு அறிவித்தால், அந்தத் தம்பியை அனுப்பிவைப்போம். வர அவர் சம்மதித்திருக்கிறார், பிற்பகல் 4 மணிக்குப் பின் என்றால் வசதி.